வழிநூலும் வழிவண்டியும்

சென்ற பருவத்தில் இளங்கலை இரண்டாம் ஆண்டு வகுப்பில் நன்னூல் பாயிரம் நடத்திக்கொண்டிருந்தேன். நூல்கள் முதல், வழி, சார்பு என மூவகைப்படும் என்று விளக்கி முடித்தபோது கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். திரேஸ்புரத்துப் பையன். "அப்படின்னா வழிநூல்ங்கிறது டூப்ளிகேட்தானே சார்?" என்றான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, பவணந்தியாரின் இலக்கணத்தை மீண்டும் ஒருமுறை சொல்லி அவனை உட்கார வைத்தேன். விடை சொன்னதாகப் பெயர். அது விடையன்று என்பது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

மணியடித்த பின் வராந்தாவில் காத்திருந்து தன் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினான். கூரையில்லாத, நீண்ட மூக்குள்ள, இருவர் மட்டுமே உட்காரக்கூடிய ஒரு கார். முன்சக்கரங்கள் உடலை விட்டு வெளியே தனித்து நின்றன. "இது நம்ம நாட்டுல செஞ்சது சார். ஆனா வெளிநாட்டு வண்டி ஒண்ணப் பார்த்துச் செஞ்சதாம். இது முதல்நூலா, வழிநூலா?"

கேலிக்காகக் கேட்கவில்லை. அவனுடைய சித்தப்பா ஃபைபர் படகு வார்ப்பவர். விடுமுறை நாட்களில் அவரோடு வேலை பார்த்துத்தான் இவன் கல்லூரிக்குப் பணம் கட்டுகிறான். தன் குடும்பத் தொழிலுக்கு என் இலக்கணத்தில் என்ன இடம் என்பதே அவன் கேள்வி என்று பின்னர் புரிந்தது. மோட்டார் வண்டிகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பேருந்து புறப்படும் நேரம் மட்டுமே. ஆனாலும் அந்தப் படத்தைத் தொடர்ந்து போனேன். போன வழியில் கண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

*

அந்தக் காரின் பெயர் சின்காரா. நம் சிங்காரத்தோடு அதற்கு உறவில்லை; வடஇந்தியச் சிறுமான் ஒன்றின் பெயர் அது. மகாராஷ்டிரத்தின் அலிபாக் பகுதியில் கீடோ போத்தே, ஷாமா போத்தே என்னும் இணையர் நடத்திய சிறு தொழிற்கூடத்தில் உருவானது. உடல் கண்ணாடியிழையால் ஆனது. எஞ்சின், ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தன் கார்களில் பொருத்திவந்த 1.8 லிட்டர் இசுசு. வடிவம் மட்டும் இங்கிலாந்தின் லோட்டஸ் செவன் என்னும் காரை ஒட்டியது. அதே தொழிற்கூடம் மோட்டார் படகுகளும் செய்தது என்று அறிந்தபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை. அலிபாக்கும் கடற்கரை, திரேஸ்புரமும் கடற்கரை. கண்ணாடியிழையில் படகு வார்க்கத் தெரிந்தவருக்குக் காரின் உடலை வார்ப்பது அந்நியமான வேலையன்று.

இதை நேரில் புரிந்துகொள்ள விரும்பி, மாணவனுடன் அவன் சித்தப்பாவின் கொட்டகைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். ரெசினின் நெடி தெருமுனையிலேயே வரவேற்றது. அச்சு எடுக்கும் முறையை அவர் பொறுமையாகச் சொன்னார். முதலில் ஒரு மூலவடிவம் வேண்டும். அது மரத்தில் செதுக்கியதாக இருக்கலாம். நன்றாக ஓடிப் பெயரெடுத்த ஒரு படகாகவும் இருக்கலாம். அதைத் தேய்த்து வழவழப்பாக்கி மெழுகு பூசுவார்கள். அதன்மேல் ஜெல்கோட், பிறகு கண்ணாடியிழைப் பாய், ரெசின், மீண்டும் பாய், மீண்டும் ரெசின். இறுகியதும் கழற்றினால் கிடைப்பது அச்சு. இனி அந்த அச்சின் உட்புறத்தில் இதே வேலையைச் செய்தால், ஒவ்வொரு முறையும் ஒரு படகு.

"அப்போ எல்லாப் படகும் ஒண்ணுதானே அண்ணாச்சி?" என்று கேட்டேன். "அச்சு ஒண்ணுதான் சார். படகு ஒண்ணு இல்ல" என்றார். எந்த இடத்தில் பாயைக் கூடுதலாக இட வேண்டும், அடிப்பகுதிக்கு எத்தனை அடுக்கு, உள்ளே குறுக்குக் கட்டை எங்கே வர வேண்டும் என்பதெல்லாம் ஆளுக்கு ஆள், கடலுக்குக் கடல் மாறும் என்றார். வெளிக்கோடு மட்டுமே நகல், பலம் செய்பவனுடையது.

நான் வகுப்பில் சொல்லத் தவறிய விடை இதுதான். நன்னூலின் கணக்கிலும் வழிநூல் என்பது முன்னோர் கண்ட முடிவை ஏற்றுக்கொண்டு, பின்வந்தவன் தனக்கு வேண்டிய மாற்றங்களைச் செய்துகொள்வது. மாற்றமே இல்லாதது வழிநூல் ஆகாது, ஏட்டுப் படி மட்டுமே. தொல்காப்பியத்தின் மரபியலும் வழிநூலைத் தாழ்த்தவில்லை. அதை நான்காக வகுத்து, மொழிபெயர்ப்பையும் அவற்றுள் ஒன்றாக ஏற்கிறது. நன்னூலே தொல்காப்பியத்துக்கு வழிநூல் என்பது மரபு. கம்பர் வடமொழியில் தமக்கு முன் பாடியவர்களைச் சொல்லிவிட்டே தம் காப்பியத்தைத் தொடங்குகிறார். நாம் கொண்டாடும் பெரும்பகுதி வழிநூல்தான். அப்படியிருக்க 'நகல்' என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிக்கும் பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது?

*

லோட்டஸ் செவனின் கதை இந்த இடத்தில் உதவும். காலின் சாப்மன் என்ற இளம் பொறியாளர் 1957இல் வெளியிட்ட கார் அது. இரும்புக் குழாய்களால் ஆன சட்டகம், மேலே மெல்லிய அலுமினியத் தகடு, சாதாரண ஃபோர்டு காரின் எஞ்சின். எடை ஐந்நூறு கிலோவுக்கும் குறைவு. அக்காலத்தில் இங்கிலாந்தில் முழுதாகச் செய்யப்பட்ட காருக்குக் கொள்முதல் வரி உண்டு. உதிரி பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் இல்லை. எனவே செவனைப் பெட்டிகளில் வைத்து விற்றார்கள். பூட்டும் முறையைச் சொல்லும் கையேடு தரக்கூடாது என்று வரி விதி தடுத்ததால், வண்டியைக் கழற்றும் முறைக்குக் கையேடு தந்து, அதைத் தலைகீழாகப் படித்துக்கொள்ளச் சொன்னார்கள் என்று ஒரு கதை உண்டு. சூத்திரத்துக்குக் கொண்டுகூட்டுப் பொருள்கோள் செய்து பழகிய நமக்கு அந்தக் கையேடு ஒரு சிரமமாகவே இருந்திருக்காது.

ஆக, அந்த முதல்நூலே பிறர் பாகங்களால் கட்டப்பட்டதுதான். சாப்மனின் தனித்தன்மை, எதை வேண்டாமென்று விட்டார் என்பதில் இருந்தது.

1973இல் மதிப்புக் கூட்டு வரி வந்ததும் பெட்டி வியாபாரத்தின் சலுகை போயிற்று. லோட்டஸ் பெரிய கார்களின் பக்கம் திரும்பிவிட்டது. செவனை விற்றுக்கொண்டிருந்த கேட்டர்ஹாம் என்ற சிறு நிறுவனம், கிரஹாம் நியர்ன் தலைமையில் அதன் உரிமையை வாங்கியது. கையில் கிடைத்தது 1970இல் லோட்டஸ் புதிதாகக் கொண்டுவந்த நான்காம் வரிசை. கண்ணாடியிழை உடலும் கூடுதல் வசதிகளும் கொண்டது. அதைச் சிறிது காலம் செய்து பார்த்துவிட்டுக் கைவிட்டு, பழைய மூன்றாம் வரிசைக்கே திரும்பினார்கள். செவன் என்று இன்று உலகம் அறிந்திருப்பது அந்தத் திரும்புதலின் விளைவு. லோட்டஸ் செய்தது ஏறத்தாழ 2,500 வண்டிகள். கேட்டர்ஹாமோ ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்துவருகிறது. ஆசிரியனே கைவிட்ட பாடத்தைப் பதிப்பாசிரியன் காப்பாற்றினான் என்று சொல்லலாம். நம் சுவடிகளின் வரலாறு தெரிந்தவர்களுக்கு இது புதிய செய்தியன்று.

பிறகு நகலுக்கும் நகல்கள் வந்தன. வெஸ்ட்ஃபீல்டு என்ற மற்றொரு சிறு நிறுவனம் செவனைப் பெரிதும் ஒத்த வண்டியைச் செய்ய, கேட்டர்ஹாம் வழக்குத் தொடுத்தது; வெஸ்ட்ஃபீல்டு தன் வடிவத்தை மாற்றிக்கொள்ள நேர்ந்தது. நெதர்லாந்தில் டோங்கர்வூர்ட் செவனிலிருந்து தொடங்கித் தனக்கென ஒரு வழியை அமைத்துக்கொண்டது. 1996இல் ரான் சாம்பியன் என்ற ஆங்கிலேய ஆசிரியர், இருநூற்றைம்பது பவுனில் ஒரு விளையாட்டுக் காரை வீட்டிலேயே செய்துகொள்வது எப்படி என்று ஒரு புத்தகம் எழுதினார். அதைப் படித்துப் பற்றவைப்பு கற்றுக்கொண்டவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். ஒரு நூலிலிருந்து உரைகள், உரைகளிலிருந்து விளக்கங்கள் கிளைப்பது போலத்தான் இதுவும்.

*

நகலெடுப்பதைச் சட்டம் எப்படிப் பார்த்தது என்பதும் கவனிக்கத்தக்கது. அமெரிக்காவில் புளோரிடா மாநிலம் 1983இல் ஒரு சட்டம் செய்தது: பிறருடைய படகின் மேல் நேரடியாக அச்சு எடுத்து அதே வடிவில் படகு வார்க்கக்கூடாது. திரேஸ்புரத்துக் கொட்டகையில் நான் கண்ட வேலைக்கே தடை. காப்புரிமை பெறாத, சந்தைக்கு வந்துவிட்ட ஒரு வடிவத்தைப் பார்த்துச் செய்யப் பிறருக்கு உரிமையுண்டு என்று கூறி, 1989இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாததாக்கியது. போனிட்டோ படகு வழக்கு என்று அதற்குப் பெயர். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1998இல், படகு வடிவங்களுக்கென்றே தனிப் பாதுகாப்புச் சட்டம் ஒன்றை அந்நாட்டு நாடாளுமன்றம் இயற்றியது.

கார்களின் கதை வேறாகப் போயிற்று. டென்னசி மாநிலத்துச் சிறு தயாரிப்பாளர் ஒருவர் ஃபெராரி கார்களின் தோற்றத்தில் கண்ணாடியிழை உடல்கள் செய்து விற்றார். ஃபெராரி தொடுத்த வழக்கில் 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஃபெராரியின் பக்கம் தீர்ப்பளித்தது. வாங்குபவனுக்கு அது ஃபெராரி அன்று என்று தெரியும். சாலையில் பார்ப்பவனுக்குத் தெரியாதே என்பது அந்தத் தீர்ப்பின் ஒரு முக்கியமான தர்க்கம்.

எனக்கு இவ்விரு தீர்ப்புகளும் ஒன்றுக்கொன்று முரண்பட்டவையாகத் தோன்றவில்லை. செய்முறையைப் பின்பற்றுவது ஒன்று. பெயரைப் போர்த்திக்கொள்வது மற்றொன்று. சின்காரா, லோட்டஸ் என்ற முத்திரையைத் தன் மூக்கில் ஒட்டிக்கொள்ளவில்லை. மூலத்தைச் சொல்லிவிட்டுச் செய்தால் வழிநூல். மறைத்துவிட்டுச் செய்தால் களவு. கடைகளில் ஆயத்த ஆய்வேடு வாங்கி அட்டையில் தன் பெயரைப் பொறித்துக் கொண்டுவரும் மாணவர்களை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். அவர்கள் பிறரைப் பார்த்துச் செய்திருந்தால்கூட மன்னிப்பேன். அவர்கள் எதையுமே செய்யவில்லை என்பதுதான் குற்றம். கையால் ஒருமுறை பார்த்துப் படியெடுத்திருந்தால் அந்தக் கைக்காவது ஏதேனும் தெரிந்திருக்கும்.

*

பார்த்துச் செய்வதால் என்ன வரும் என்று கேட்பவர்களுக்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு விடை இருக்கிறது. கோயம்புத்தூர் லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த எஸ். கரிவரதன், சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் கார் ஓட்டியவர். பந்தயக் கார் என்றால் இறக்குமதி, இறக்குமதி என்றால் செல்வந்தர் என்று இருந்த காலம் அது. மாருதி 800 காரின் எஞ்சினையும் பாகங்களையும் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் ஒன்றை அவர் உருவாக்கினார். ஃபார்முலா மாருதி என்று 1988 முதல் அறியப்பட்டது. வடிவ இலக்கணம் ஐரோப்பாவினுடையது. எஞ்சின் ஜப்பானியத் தொழில்நுட்பம். கட்டியது கோவைப் பட்டறை. கரிவரதன் 1995இல் சிறுவிமான விபத்தில் இறந்தார். அவர் பெயரால் கோவைக்கு அருகே செட்டிபாளையத்தில் 2003 முதல் பந்தயக் களம் இருக்கிறது. ஃபார்முலா மாருதியில் தொடங்கிய கோவை இளைஞர் நரேன் கார்த்திகேயன், 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் ஆனார்.

இதோடு நம் பெருந்தொழிலையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அம்பாசடர் என்பது இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. பத்மினி என்பது இத்தாலியின் ஃபியட் 1100. சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, டிரையம்ஃப் ஹெரால்டு. 1982இல் பெங்களூரில் வந்த சிபானி டால்ஃபின்கூட ரிலையன்ட் கிட்டன் என்ற ஆங்கிலக் கண்ணாடியிழைக் காரின் வழி வந்தது. இவையெல்லாம் உரிமம் பெற்ற நகல்கள். உரிமம் பெற்றவன் பெரியவனானால் அது தொழில் வளர்ச்சி. சிறியவன் பார்த்துச் செய்தால் அது டூப்ளிகேட். இந்தப் பாகுபாட்டை எந்த இலக்கண ஆசிரியரும் செய்யவில்லை.

*

கொட்டகையில் மாணவன் கைபேசிப் படத்தைச் சித்தப்பாவிடம் காட்டினான். அவர் நெடுநேரம் பார்த்தார். மூக்குப் பகுதியை விரலால் பெரிதாக்கி, எந்த இடத்தில் அச்சு இரண்டாகப் பிரிய வேண்டும் என்று சொன்னார். "வார்த்துரலாம்ல. வார்த்து எங்க ஓட்டுவ?" என்றார்.

என் கட்டுரையின் பொருளே அந்தக் கேள்விதான். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, வண்டி செய்பவர் யாராயினும் தன் மாதிரி வண்டியை அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிலையத்துக்கு அனுப்பிச் சான்று பெற வேண்டும். ஆயிரக்கணக்கில் விற்பவருக்கு அந்தச் செலவு ஒரு பொருட்டன்று. பத்து வண்டி செய்பவருக்கு அதுவே முழு முதல். இருக்கும் வண்டியை மாற்றிக் கட்டலாமா என்றால், தயாரிப்பாளர் தந்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்கு உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் விளக்கம் தந்தது. இதற்கு நான்கு மாதங்களுக்கு முன், 2018 செப்டம்பரில், வெளிநாட்டுத் தரச்சான்று பெற்ற வண்டிகளை ஆண்டுக்கு 2,500 வரை இங்கே மறுசோதனையின்றி இறக்குமதி செய்ய நிறுவனங்களுக்கு மத்திய அரசு வழி செய்திருந்தது. வாங்கிக்கொண்டு வருபவனுக்குத் திறந்த கதவு, செய்பவனுக்குத் திறக்கவில்லை.

பாதுகாப்பு வேண்டாமா என்று நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. மோதல் சோதனை காணாத வண்டியில் என் மாணவன் நெடுஞ்சாலையில் போவதை நான் விரும்பமாட்டேன். ஆனால் இதற்கு வேறு நாடுகள் வழி கண்டிருக்கின்றன. இங்கிலாந்தில் 1998 முதல் இத்தகைய வண்டிகளை ஒவ்வொன்றாகப் பரிசோதித்துச் சாலைக்கு அனுமதிக்கும் முறை இருக்கிறது. 2009இல் அது மேலும் கடுமையாக்கப்பட்டது. தடுப்பான், விளக்கு, புகை, கூர்முனைகள் என்று வரிசையாகப் பார்த்து, தேறாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள். அமெரிக்கா 2015இல் இயற்றிய சட்டம், பழைய கார்களின் வடிவில் ஆண்டுக்கு 325 வண்டிகள் வரை செய்யும் சிறு தயாரிப்பாளர்களுக்குத் தனி இடம் ஒதுக்கியது. இவர்கள் பாதுகாப்பைக் கைவிட்டவர்கள் அல்லர். சிறியவனைச் சிறியவனுக்குரிய அளவுகோலால் அளந்தார்கள், அவ்வளவே.

இது சிலரின் பொழுதுபோக்குக் கார் பற்றிய கவலை என்று எண்ணிவிடக்கூடாது. தூத்துக்குடியில் இருந்துகொண்டு பார்க்கும்போது எனக்கு வேறொன்று தெரிகிறது. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கேற்றிச் சென்ற தோணிகளை இந்தக் கரையின் ஓடாவிகள் வரைபடமின்றிக் கட்டினார்கள். முந்தைய தோணியைப் பார்த்து அடுத்த தோணி. ஒவ்வொன்றிலும் ஒரு சிறு திருத்தம். பாய்மரத்தில் ஓடிய தோணிக்கு எஞ்சின் வந்தபோது பின்பகுதியை மாற்றிக் கட்டியதும் அவர்களே. வள்ளத்துக்கும் கட்டுமரத்துக்கும் பதிலாகக் கண்ணாடியிழை பரவியபோது, குறிப்பாக 2004 ஆழிப்பேரலைக்குப் பின் அது வேகமெடுத்தபோது, மரம் அறிந்த கைகளில் சில ரெசினுக்கு மாறின. பல, வேலையை விட்டே போயின. பார்த்துச் செய்து திருத்தும் கை ஒரு தலைமுறை சும்மா இருந்தால் அடுத்த தலைமுறையில் அது இராது. ஏடு படியெடுப்பவர் நின்றுபோனபோது எத்தனை நூல்கள் போயின என்று நாம் இன்றும் வருந்துகிறோம். பட்டறைகள் நின்றுபோவதற்கு வருந்த நமக்குத் தோன்றுவதில்லை.

இதே ஊரில் இன்னொரு 'நகல்' பிறந்தது. மன்னார் வளைகுடாவில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1973இல், மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தூத்துக்குடி நிலையத்தில் முனைவர் கே. அழகர்சாமி, சிப்பிக்குள் சிறு மணியை வைத்து வளர்த்து உருண்டை முத்தை எடுத்தார். ஜப்பானியர் தம் மறைபொருளாகக் காத்துவந்த வித்தை. அதை இங்குள்ள சிப்பியில், இங்குள்ள நீரில் தாமே செய்து கண்டார்கள். வளர்ப்பு முத்து போலி என்று 1920களில் ஐரோப்பிய வணிகர்கள் கூச்சலிட்டதுண்டு. இன்று நகைக்கடையில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. வளர்ப்பு முத்து என்று பெயர் சொல்லி விற்கிறார்கள், பெயர் சொல்லி வாங்குகிறார்கள்.

அடுத்த வகுப்பில் அந்த மாணவனை எழுப்பி, அவன் கேள்விக்கு நான் அன்று விடை சொல்லவில்லை என்பதை ஒப்புக்கொண்டேன். டூப்ளிகேட் என்பது மூலத்தை மறைப்பது, வழிநூல் என்பது மூலத்தைச் சொல்லித் திருத்துவது என்றேன். அந்தக் கார் வழிநூலே. அவன் சித்தப்பாவின் படகும் வழிநூலே என்றேன். கடைசி வரிசை இம்முறை சிரிக்கவில்லை. "அப்ப சித்தப்பா பேரையும் பாயிரத்துல சேக்கலாமா சார்?" என்று மட்டும் கேட்டான்.

பாயிரத்தில் ஆக்கியோன் பெயர் வர வேண்டும் என்பது இலக்கணம். சேர்க்கலாம் என்றேன்.